இடாப்பில் இல்லாத பெயர்

"பிச்சைச் சம்பளத்துக்கு என்ரை பேரை எழுதச் சொல்லாதையுங்கோ தம்பி. நான் பன்னிரண்டு பரப்புத் தோட்டம் செய்தவன்."

வலிகாமம் வடக்கின் செம்மண்ணிலே சின்ன வெங்காயமும் புகையிலையும் செய்து வாழ்ந்த ஒரு பெரியவர் எம்மிடம் சொன்ன வார்த்தைகள் இவை. 1990 ஆனியில் உடுத்த உடுப்போடு வெளியேறியவர். அவருடைய காணி இன்றும் முட்கம்பி வேலிக்கு அப்பால் கிடக்கிறது. இப்போது வடமராட்சியில் மகளோடு இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முதியோர் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாமே என்று நாம் கேட்டதற்குத்தான் இந்தப் பதில் வந்தது.

இதே பதிலை வன்னியிலும் மன்னாரிலும் வேறு வேறு வார்த்தைகளில் நாம் கேட்டிருக்கிறோம். நிலத்தில் உழைத்து நாலு பேருக்குக் கொடுத்து வாழ்ந்த குடும்பங்களுக்குக் கை நீட்டுவது என்பது எளிதான காரியமல்ல. ஆகவே அரசாங்கத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டங்கள் எவ்வாறு இயங்குகின்றன, அவற்றில் இடம்பெயர்ந்த குடும்பத்தின் பெயர் எங்கே தவறிப் போகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லதென எண்ணுகிறோம்.

யாருடைய பணம்?

முதலில் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கடையில் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கும்போது அதன் விலைக்குள்ளே பெறுமதி சேர் வரி இருக்கிறது. இந்த வரி 2024 தையிலிருந்து 18 சதவீதமாக்கப்பட்டது. சில அத்தியாவசியப் பொருட்களுக்கு விலக்கு உண்டென்றாலும், கடைக்குப் போய்வரும் எவரும் வரி கட்டாமல் திரும்புவதில்லை. கொழும்பிலே மாடி வீட்டில் இருப்பவருக்கும் ஓலைக் கொட்டிலில் இருப்பவருக்கும் அந்தச் சவர்க்காரத்துக்கு ஒரே வரிதான். வருமானத்தோடு ஒப்பிட்டால் ஏழையின் பங்கே கூட. அந்தப் பெரியவர் முப்பத்தைந்து வருடங்களாக அகதியாக இருந்துகொண்டே திறைசேரிக்குப் பணம் கட்டி வந்திருக்கிறார். அதில் ஒரு பகுதி முதுமையில் அவரிடம் திரும்பி வருவதற்குப் பிச்சை என்று பெயர் வைப்பது பொருந்தாது.

நாட்டின் அரசியலமைப்பும் இதைச் சொல்கிறது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரையில், சமூகப் பாதுகாப்பையும் நலனையும் அரசு உறுதிப்படுத்த வேண்டும் என்று எழுதப்பட்டுள்ளது. ஆனால் இரண்டு உறுப்புரை தள்ளி, 29 ஆம் உறுப்புரையில், இந்தக் கோட்பாடுகளை வைத்து எவரும் நீதிமன்றம் சென்று உரிமை கேட்க முடியாது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடித்துக்கொண்ட மாதிரியான ஏற்பாடு. ஆகவே தனித்தனிச் சட்டங்களும் சுற்றறிக்கைகளும் என்ன சொல்கின்றன என்பதையே நாம் தேடிப் பிடிக்க வேண்டியுள்ளது.

கூப்பன் காலமும் முத்திரைக் காலமும்

'பிச்சைச் சம்பளம்' என்ற சொல் எப்படி வந்தது? ஆங்கிலேயர் ஆட்சியில் 1939 இல் வறியோர் சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. கதியற்றவருக்கு மாதாந்தம் ஒரு சிறு தொகை கொடுப்பதற்கான ஏற்பாடு அது. பின்னர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவைகள் ஆணைக்குழு 1947 இல் அறிக்கை தந்தது. மறு வருடம் சமூக சேவைகள் திணைக்களம் உருவாயிற்று. திணைக்களத்தின் பொதுசன மாதாந்த உதவிப் பணத்துக்குத்தான் எம்மவர் பிச்சைச் சம்பளம் என்று பேர் சூட்டினார்கள். அந்தப் பேர் இன்றுவரை ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆனால் அதே காலத்தில் இன்னொரு உதவியும் இருந்தது. அதை எவரும் பிச்சை என்று சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 இல், அரிசிப் பங்கீடு தொடங்கியது. கூப்பன் புத்தகம் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இருந்தது. வாத்தியார் வீட்டிலும் இருந்தது, கூலியாள் வீட்டிலும் இருந்தது. சங்கக்கடை வாசலில் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். 1953 இல் அரசு ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது நாடே கொதித்தெழுந்தது. ஆவணி 12 ஆம் திகதி ஹர்த்தால் நடந்தது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். எல்லோருக்கும் பொதுவான உதவியில் கை வைத்தால் எல்லோரும் எழும்புவார்கள்.

1978 இல் அரிசிப் பங்கீடு நாட்டில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. 1979 இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. மாதம் 300 ரூபாவுக்கு உட்பட்ட வருமானமுள்ள குடும்பங்கள் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அன்றிலிருந்துதான் 'யார் ஏழை?' என்று அலுவலகம் தீர்மானிக்கும் காலம் பிறந்தது. வரிசை பிரிந்தது. வெட்கமும் அங்கேதான் புகுந்தது என்பது எமது எண்ணம்.

இங்கே இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முத்திரையின் பெறுமதி ரூபாவில் நிலையாக அச்சிடப்பட்டிருந்தது. விலைவாசி ஏறியது, முத்திரை ஏறவில்லை. சில ஆண்டுகளுக்குள் அதனால் வாங்கக்கூடிய பொருள் ஏறக்குறைய அரைவாசியாகியது. மற்றது, 1980 இல் புதிய பெயர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் பிறந்த பிள்ளைக்கும், அதன் பின்னர் தொழில் இழந்த தகப்பனுக்கும் இடாப்பில் இடமில்லை. பெறுமதி தேய்வதும் இடாப்பு மூடுவதும் பிறகு வந்த திட்டங்கள் பலவற்றிலும் திரும்பத் திரும்ப நடந்தவை.

1989 இல் ஜனசவிய வந்தது. ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா, இரண்டு ஆண்டுகளுக்கு. அதில் 1,458 ரூபா சாப்பாட்டுச் செலவுக்கு, மிகுதி சேமிப்புக்கு. 1995 இல் சமுர்த்திச் சட்டம் நிறைவேறியது. தெற்கிலே சமுர்த்தி வேரூன்றிய அந்த ஆண்டுகளில், வடக்கு கிழக்கின் பல பகுதிகளில் நாம் மரங்களுக்குக் கீழே இருந்தோம். அந்த 1995 ஐப்பசி 30 இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்ததை இதை வாசிக்கும் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். சமுர்த்தி எம்மிடையே பல இடங்களுக்கு மிகப் பிந்தியே வந்து சேர்ந்தது.

நிவாரணம் வேறு, பாதுகாப்பு வேறு

அதற்குப் பதிலாக எமக்குக் கிடைத்தது நிவாரண அட்டை. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபா பெறுமதியான உலர் உணவு. அரிசி, மா, பருப்பு, சீனி. புத்தளத்துக்கு விரட்டப்பட்ட வடபகுதி முஸ்லிம் மக்களும் இதே அட்டையோடு பல வருடம் சங்கக்கடை வாசலில் நின்றார்கள். விலைவாசி எவ்வளவோ ஏறியும் அந்த 1,260 ரூபா நெடுங்காலம் அசையவில்லை. உணவு முத்திரைக்கு நடந்ததே இதற்கும் நடந்தது.

இந்த அட்டை பசியைத் தணித்தது, அதை மறுக்க முடியாது. ஆயினும் நிவாரணம் என்பது ஒரு சம்பவத்துக்குக் கொடுக்கப்படுவது. இடம்பெயர்வு என்ற சம்பவம் முடிந்துவிட்டது என்று அதிகாரிகள் எழுதிய நாளோடு அதுவும் முடிகிறது. 'மீள்குடியேறியவர்' என்று பெயர் மாறிய குடும்பத்துக்குச் சில மாத உலர் உணவு, சிறு பணம், கொஞ்சம் தகரம். அதற்குப் பின் அட்டை இல்லை. கிணறு இறைத்தாயிற்றா, வரம்பு கட்டியாயிற்றா, முதல் போகம் விளைந்ததா என்ற கேள்விகள் அந்தத் தீர்மானத்தில் இல்லை. 2025 கார்த்திகையில் வந்த டித்வா புயலால் வெள்ளத்திலும் மண்சரிவிலும் வீடு வயல் இழந்தவர்களும் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது. அனர்த்த நிவாரணத்துக்குப் பெயர் பதிந்தோம் என்பதால் மற்றத் திட்டங்களிலும் பெயர் தானாக ஏறிவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

சமூகப் பாதுகாப்பு என்பது சம்பவத்துக்கானதல்ல. முதுமை, நோய், உழைப்பாளி இல்லாமை, விளைச்சல் பொய்த்தல் ஆகியவை எந்தக் குடும்பத்துக்கும் எப்போதும் வரக்கூடியவை. அவற்றுக்கு முன்கூட்டியே செய்யப்பட்ட ஏற்பாடுதான் அது.

இதிலே கட்டுப்பணம் செலுத்திப் பெறும் வகை ஒன்று உண்டு. அரச உத்தியோகத்தரின் ஓய்வூதியத்தை விட்டுவிடுவோம். சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் கட்ட வேண்டும். மிளகாய்த் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகும் எமது பெண்களுக்கு எந்த முதலாளி அதைக் கட்டுகிறார்? சொந்தத்தில் கமம் செய்பவருக்கென 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் கமக்காரர் ஓய்வூதியத் திட்டம் கொண்டுவரப்பட்டது. கட்டுப்பணமும் அரச மானியமும் சேர்ந்த திட்டம். நிதி போதாமல் 2010 களின் தொடக்கத்தில் கொடுப்பனவு தடைப்பட்டு, 2014 இல் திறைசேரிப் பணத்தோடு மறுபடி தொடங்கியது. இதிலே பழைய கட்டுப்பணப் புத்தகம் வைத்திருப்பவர்கள், இடையில் ஓடித் திரிந்த காலத்தில் கட்டாமல் விட்டிருந்தாலும், அதைக் கொண்டுபோய்க் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையின் மாவட்ட அலுவலகத்தில் காட்டிக் கேட்க வேண்டும். பயிர்க் காப்புறுதியும் அந்தச் சபையிடமே இருக்கிறது. அதற்கும் உர மானியத்துக்கும் அடிப்படை, கமநல சேவை நிலையத்தின் விவசாயக் காணிப் பதிவேடு. காணிக்குள் போக முடியாதவரின் பெயர் அங்கே எப்படி ஏறும்? பிறருடைய காணியைக் குத்தகைக்குச் செய்பவர்கள் குத்தகை எழுத்தைக் கையில் வைத்திருந்தால் கமநல சேவை நிலையத்தில் பேச ஒரு வழி இருக்கும். வாய்ச்சொல்லோடு நிற்கும் குத்தகை அங்கே செல்லாது.

அஸ்வெசும எப்படி எண்ணுகிறது

இன்று பெரும்பாலான குடும்பங்களைத் தொடுவது அஸ்வெசும. 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் அமைந்த நலன்புரி நன்மைகள் சபை இதை நடத்துகிறது. முந்திய ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில், 2022 புரட்டாதியில், கொழும்பில் உணவு விலை ஒரு வருடத்துக்கு முன் இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. அந்த அடியின் பின் 2023 ஆடியில் அஸ்வெசும தொடங்கியது. குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்து மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று தீர்மானித்தார்கள். 2025 தையிலிருந்து 8,500 ரூபா 10,000 ஆகவும், 15,000 ரூபா 17,500 ஆகவும் கூட்டப்பட்டன. முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் ஆகியோருக்குத் தனிக் கொடுப்பனவுகள் உண்டு. தொகைகள் மாறிக்கொண்டிருப்பதால் விண்ணப்பிக்கும்போது கேட்டறிவது நல்லது.

முன்னைய திட்டங்களில் கிராமத்து உத்தியோகத்தருக்கு எம்மைத் தெரியுமா, அரசியல்வாதிக்கு எம்மில் விருப்பமா என்பதெல்லாம் பெயர் ஏறுவதைத் தீர்மானித்தன. அந்தக் குறையை நீக்கவே அஸ்வெசுமவில் 22 சுட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, உடைமைகள், வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என ஆறு பிரிவுகளின் கீழ் இவை வருகின்றன. ஆள் பார்த்துக் கொடுப்பதை விட இது மேல் என்பதே எமது கருத்து. எனினும் சுட்டி கண்ணால் காண்பதைத்தான் எண்ணும். கடனை அது காண்பதில்லை.

போருக்குப் பின் வடக்கு கிழக்கில் இந்திய வீட்டுத் திட்டத்தில் 5,50,000 ரூபா மானியத்தோடு வீடு கட்டிய குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சீமெந்துச் சுவர், ஓட்டுக் கூரை, அறைகள். மானியம் போதாமல் தாலிக்கொடி அடகு வைத்தும் நுண்கடன் எடுத்தும் முடித்த வீடு அது. உள்ளே உலை கொதிப்பது கூலி கிடைக்கும் நாளில் மட்டும். கணக்கெடுக்க வந்தவரின் படிவத்தில் அது நல்ல வீடு. ஓலைக் கொட்டிலில் இருந்திருந்தால் புள்ளி வேறாக இருந்திருக்கும். காணி விடயமும் அப்படித்தான். உறுதியில் பன்னிரண்டு பரப்பு இருக்கிறது, அதிலே கால் வைக்க முடியாது. 'சொந்தக் காணி உண்டா?' என்று கேட்டால் உண்மையுள்ள மனிதர் 'ஓம்' என்றுதான் சொல்வார். அந்த 'ஓம்' அவருக்கு எதிராகப் போகலாம். பொய் சொல்லும்படி நாம் கூறவில்லை. காணி இருக்கிறது, எந்த ஆண்டிலிருந்து அதற்குள் போக முடியவில்லை, அதிலிருந்து வருமானம் எதுவுமில்லை என்ற மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். வாயால் சொல்வதோடு நில்லாமல், கிராம அலுவலரிடம் எழுத்திலும் பெற்றுக்கொள்ளுங்கள்.

2023 இல் முதல் பட்டியல் வெளியானபோது ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் வந்தன. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அதுவே கடைசி முடிவு என்று எண்ணத் தேவையில்லை என்பதை இந்த எண்ணிக்கை காட்டுகிறது. விடுபட்டவர்களிடம் 2024 இலும் விண்ணப்பம் கோரப்பட்டது. கால எல்லை குறுகியது என்பதால், பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையை மாதம் ஒருமுறையாவது எவராவது பார்த்து வரும்படி அயலுக்குள் ஓர் ஒழுங்கு செய்துகொள்ளலாம்.

எந்த ஊரின் இடாப்பு?

எல்லாத் திட்டங்களும் ஒரு விலாசத்தில் தொடங்குகின்றன. கிராம அலுவலர் பிரிவு, வீட்டு இலக்கம், குடும்பத் தலைவர். இடம்பெயர்ந்த குடும்பம் இந்த முதல் வரியிலேயே தடுக்குப்படுகிறது. தற்போது இருக்கும் ஊரின் அலுவலர், 'உங்கள் பதிவு அங்கே' என்கிறார். பழைய ஊரின் அலுவலர், 'நீங்கள் இங்கே இல்லையே' என்கிறார். இரண்டு கந்தோருக்கும் இடையிலே பஸ் காசுதான் செலவாகிறது.

இதில் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். வாக்காளர் இடாப்பில் பெயர் பழைய ஊரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காணி போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். இடம்பெயர்ந்தோர் தமது நிரந்தர ஊரில் வாக்காளராகப் பதிய 2013 இல் தனிச் சட்டமே கொண்டுவரப்பட்டது. வாக்கு வேறு, நலன்புரி வேறு. நலன்புரிக் கொடுப்பனவுக்கு நீங்கள் இன்று படுத்தெழும்பும் இடத்தின் பிரிவிலேயே பதிவு கேட்க வேண்டும். அங்கே பதிவதால் காணி உறுதியில் உள்ள உரிமை அழிந்துவிடாது. 1998 இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட உள்ளக இடம்பெயர்வு வழிகாட்டற் கோட்பாடுகளின் 20 ஆம் கோட்பாடும், தேவையான ஆவணங்களைக் கொடுப்பதற்காக ஒருவரைப் பழைய ஊருக்குத் திரும்பிப் போகும்படி நிர்ப்பந்திக்கக் கூடாது என்றே கூறுகிறது. இது சட்டமாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அலுவலகத்தில் பேசும்போது எடுத்துச் சொல்லத்தக்கது.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் ஆகியவை ஓட்டத்தில் தொலைந்து போனவர்கள், கொடுப்பனவு அறிவித்தல் வரும்வரை காத்திராமல் இப்போதே பிரதிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறப்பே பதியாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் வழி உண்டு. கணவன் காணாமற்போன பெண்களின் நிலை மிகவும் கடினமானது. 'இறந்துவிட்டார்' என்று கையெழுத்திட மனம் ஒப்பாமல் பல தாய்மார் வருடக்கணக்காக எந்தக் கொடுப்பனவும் இல்லாமல் இருந்தார்கள். 2016 இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழ் பெறாமலே, காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம். அதை வைத்துச் சமூக நலக் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்க முடியும். தேடுதலைக் கைவிட்டதாக அது பொருள்படாது.

விண்ணப்பம் தள்ளப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்கு உதவும். பிரதேச செயலகத்தில் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். எங்கள் அனுபவத்தில், எழுத்தில் கேட்டவரின் கோவை மேசையில் மேலே வருகிறது. கொடுக்கும் ஒவ்வொரு கடதாசிக்கும் ஒரு பிரதியும், வாங்கியவரின் கையொப்பமும் திகதியும் உங்களிடம் இருக்க வேண்டும்.

முதலில் சொன்ன பெரியவரிடம் மூன்று முறை போனோம். மூன்றாம் முறை மகளும் கூட இருந்தார். "ஐயா, நீங்கள் புகையிலை விற்ற காலத்திலை சங்கக்கடையிலை கூப்பனுக்கு அரிசி எடுக்கேல்லையோ?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அது எல்லாரும் எடுத்தது தானே" என்றார். பிறகு உள்ளே போய், பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்திருந்த காணி உறுதியையும் அடையாள அட்டையையும் கொண்டு வந்தார். விண்ணப்பம் மகளின் விலாசத்தில் கொடுக்கப்பட்டது. பன்னிரண்டு பரப்பையும் அவர் எழுதினார். பக்கத்திலேயே '1990 ஆனி முதல் போக முடியவில்லை' என்றும் எழுதினார். கிராம அலுவலர் அதற்குக் கீழே கையொப்பமிட்டிருக்கிறார். மறுமொழி இன்னும் வரவில்லை. பிரதி அந்தப் பொலித்தீன் பைக்குள் உறுதியோடு சேர்ந்து இருக்கிறது.